தன் தவறுக்கும் காவல் வைத்தவர்

மேடையில் அமர்ந்திருக்கும் நம் இயக்குநர் அவர்களே, அழைப்பு அறைத் தோழர்களே, ஆம்புலன்ஸ் ஓட்டும் தம்பிமார்களே, முன்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் அக்காவின் கணவர், நம் அண்ணன் அவர்களே, எல்லோருக்கும் கனத்த மனத்துடன் என் வணக்கம்.

"எங்க இருக்கீங்க? மூச்சு இருக்கா?" என்று கேட்டுப் பழகிய வாய் இது. நீளமாகப் பேச வராது. ஆனால் இன்று பேசியே ஆகவேண்டும். காரணத்தை முடிவில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் இழந்திருப்பது யாரை? நம் தலைமை சர்வர் நிர்வாகியை! நம் "ரூட்டம்மா"வை! சர்வரில் எதையும் ஆக்கவும் அழிக்கவும் அதிகாரம் உள்ள கணக்குக்கு ரூட் என்று பெயர். அது அவர் கையில் இருந்ததால் ஓட்டுநர்கள் வைத்த பட்டம் அது. கேட்டால் கோபப்படுவதுபோல நடிப்பார். உள்ளுக்குள் அவருக்கு அது பிடித்திருந்தது.

அவர் பிறக்கும்போதே லினக்ஸ் படித்துக்கொண்டு பிறந்தாரா? இல்லை! என்னைப் போல ஹெட்போன் மாட்டி அழைப்பு எடுத்தவர்தான். அலுவலகத்தின் கம்ப்யூட்டர்கள் லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு மாறியபோது, "யாராவது கற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தள்ளிவிட்டுப் போனார்கள். எல்லோரும் நழுவினார்கள். நானும் நழுவப் பார்த்தேன், விட்டாரா அக்கா? கறுப்புத் திரையைப் பார்த்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "என்னடா முழிக்கிற? அது கடிக்காது, தட்டு" என்றார். தட்டினேன். எல்லாம் போயிற்று. திரும்ப நிறுவினோம். அடுத்த வாரம் அவர் தட்டினார், மறுபடியும் எல்லாம் போயிற்று. அப்படித்தான் படித்தோம், ஒவ்வொரு கமாண்டாக, அதன் விளக்கப் பக்கத்தை வரி வரியாக உரக்க வாசித்து, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு.

நிஜ சர்வர் கைக்கு வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலிருந்தபடியே ஃபயர்வால் விதியை மாற்றினார். யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்று தீர்மானிக்கும் காவல் அது. மாற்றிய விதி அவரையே வெளியே தள்ளிவிட்டது. இரண்டு கால்களில் இரண்டு விதமான செருப்புடன் ஆட்டோவில் வந்து இறங்கினார். "சாவிய உள்ள வச்சு கதவ சாத்திட்டேன்டா!" என்று சிரித்தார். ஆனால் சிரித்ததோடு நிற்கவில்லை. அன்று முதல் ஒரு வழக்கம் வைத்தார். விதியைத் தொடுமுன் சர்வருக்கு ஒரு கட்டளை கொடுத்துவிடுவார்: "கொஞ்ச நேரத்தில் நானே வந்து தடுக்காவிட்டால், பழைய விதிகளையே திரும்பப் போட்டுவிடு." அவசரம் என்று ஒருநாளும் இதை அவர் விட்டதில்லை.

இப்போது அவரை இழந்த அந்தக் காலை நேரத்துக்கு வருகிறேன். யாரோ வெளியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டு நம் சர்வரில் நுழையப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காத்திருக்க முடியாது. புதிய விதிகளைப் போட்டார். அவற்றில் நமக்கு வரும் அழைப்புகளை உள்ளே விடும் விதி ஒன்று விட்டுப்போயிருந்தது. ஆம், விட்டுப்போயிருந்தது! மூடி மறைக்க நான் இங்கே வரவில்லை. நம் திரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் உறைந்து நின்றன. என்னவென்று கேட்க நான் ஓடினேன். சர்வர் அறையில் அக்கா நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் கிடந்தார். நெஞ்சைப் பிடித்திருந்த கை அப்படியே இருந்தது.

அண்ணே, நேற்று நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். "அவ பண்ண தப்பாலதான் அவளுக்கே வண்டி வர லேட்டாச்சா, தம்பி?" என்று கேட்டீர்கள். இப்போது சபையறியச் சொல்கிறேன். இல்லை அண்ணே, இல்லவே இல்லை! வண்டி வாசலிலேயே நின்றது. நான் ஜன்னலில் கத்திய குரலுக்கே ஓட்டுநர் தம்பி ஸ்ட்ரெச்சரோடு படியேறிவிட்டார். ஒரு நொடிகூட வீணாகவில்லை. மருத்துவர் கையில் ஒப்படைத்தும் அவரைக் காப்பாற்ற முடியாமல் போனது, அது வேறு.

அவரைப் படியில் இறக்கிக்கொண்டிருக்கும்போதே மேலே திரைகள் உயிர் பெற்றன! காத்திருந்த அழைப்புகள் மடமடவென்று விழுந்தன. முதல் அழைப்பு பிரசவ வலியில் ஒரு பெண். தாயும் பிள்ளையும் இன்று நலம். அழைப்புகளுக்கு வழி திறந்தது யார்? எங்களில் ஒருவரும் கீபோர்டைத் தொடவில்லையே! ஸ்ட்ரெச்சரில் நினைவில்லாமல் கிடந்தவர்தான் திறந்தார்! அவர் வந்து தடுக்கவில்லை, அதனால் சர்வர் அவர் அன்று காலையும் சொல்லிவைத்திருந்தபடியே பழைய விதிகளுக்குத் திரும்பியது.

இயக்குநர் அவர்களே, நீளமாகப் பேசியதற்குக் காரணம் இதுதான். உங்கள் விசாரணை அறிக்கை சாட்சிக் கையெழுத்துக்காக என்னிடம் வந்திருக்கிறது. "நிர்வாகியின் கவனக்குறைவால் சேவை தடைப்பட்டது" என்று அதில் எழுதியிருக்கிறது. தவறு என்று எழுதுங்கள், ஒப்புக்கொள்கிறேன். கவனக்குறைவா? தனக்குத் தவறு நேரும் என்று முன்கூட்டியே நினைத்து, அதற்குக் காவல் வைத்துவிட்டு வேலையில் இறங்கியவருக்கா கவனக்குறைவு? அந்தச் சொல் அந்தத் தாளில் இருந்தால் இந்த அண்ணன் மிச்சமிருக்கும் காலமெல்லாம் அதைச் சுமக்க வேண்டும். அவர் பிள்ளைகளும் சுமக்க வேண்டும்.

தோழர்களே, வெளியாட்கள் இன்னும் விட்டபாடில்லை. சர்வர் இன்னும் பழைய விதிகளில்தான் ஓடுகிறது. அக்கா தொடங்கிய வேலையை நாளை காலை நான் முடிப்பேன். விட்டுப்போன விதியைச் சேர்த்து, அவர் செய்ததுபோலவே திரும்பும் வழியை முதலில் வைத்துவிட்டுத்தான் என்டரைத் தட்டுவேன். மாடிப்படிக்குக் கீழே அந்தக் கம்ப்யூட்டர் மறுபடியும் ஓடும். படிக்க விரும்புகிறவர்கள் வாருங்கள், இனி இந்த அறிவு ஒரே ஒருவரோடு நின்றுவிடக் கூடாது. இது அவர் பெயரால் நான் கொடுக்கும் வாக்கு.

இயக்குநர் அவர்களே, அறிக்கை என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. இதோ, மேசைமேல் வைக்கிறேன். பேனாவும் வைக்கிறேன். அந்த ஒரு சொல்லை அண்ணன் கண்ணெதிரே நீங்களே அடித்துவிடுங்கள். அதுவரை நான் இந்த மேடையை விட்டு இறங்கப்போவதில்லை.