அந்தப் பக்கம்

தரகர் மருதையனைப் போல ஓடியாடி உழைக்கிற மனிதரைக் காரைக்காலில் நான் பார்த்ததில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. செத்தவரைக் குறைசொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

எண்பத்தொன்றாம் வருடம் சித்திரையில் அவரிடம் போனேன். என் அம்மாவுக்கும் மனைவி அமுதத்துக்கும் ஒத்துப்போகவில்லை. அமுதம் ஆறு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். "காரைக்கால்ல தனியா ஒரு வீடு பாத்துட்டு வந்து கூப்புடுங்க. இல்லாட்டி வராதீங்க" என்றாள். சொன்னால் சொன்னதுதான் அவளுக்கு.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சுதான் மருதையனுக்கு ஆபீஸ்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"விழிதியூர்."

"ஊருல எங்க? வாய்க்காலுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"அந்தப் பக்கம்" என்றேன். பஸ்ஸை விட்டு இறங்கி, மதகைத் தாண்டிப் போனால்தான் எங்கள் தெரு.

அவர் டீயை நிதானமாக உறிஞ்சினார். "கொஞ்சம் கஷ்டந்தான். பரவால்ல, பாத்துக்கலாம் வா."

இரண்டு மாதத்தில் பதினோரு வீடு காட்டினார். ஒவ்வொரு வீட்டிலும் என்னைத் தெருவில் நிறுத்திவிட்டு முதலில் அவர் உள்ளே போவார். வீட்டுக்காரர் காதில் ஏதோ சொல்வார். என்னைப் பற்றி நல்லதாகச் சொல்கிறார் என்று நானும் சட்டையைச் சரிசெய்துகொண்டு நிற்பேன். வெளியே வருகிறவர் முகத்தில் சிரிப்பு இருக்காது. ஒருவருக்கு மருமகப்பிள்ளை பாண்டிச்சேரியிலிருந்து வருகிறார். ஒருவருக்குத் திடீரென்று கூரை ஒழுகுகிறது. சுப்ராயன் என்பவர் மட்டும் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "ஆளப் பாத்தா தெரியவே இல்லையே" என்றார். வயது தெரியவில்லை என்கிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் காது சுடுகிறது.

பன்னிரண்டாவது, அதே தெருவில் இருக்கும் சலோமியம்மாவின் பொறுப்பில் இருந்த வீடு. பிரான்சில் இருக்கும் அவருடைய தம்பிக்குச் சொந்தம். பூட்டிக் கிடந்தது. சாவி மருதையன் கையில். பட்டப்பகல், இரண்டு மணி. கூடம், அடுப்படி எல்லாம் காட்டிவிட்டுக் கொல்லைக்குக் கூட்டிப்போனார்.

"இந்தத் தெருவுலயே இந்தக் கெணறுதான் நல்ல தண்ணி. மத்ததெல்லாம் உப்பு. குடிச்சுப் பாரு."

ஒரு வாளி இறைத்தார். மாடத்தில் இருந்த செம்பில் மொண்டார். நான் கையை நீட்டினேன். அவர் செம்பைத் தரவில்லை. "கைய ஏந்து" என்று ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றினார்.

"செம்பையே குடுங்களேன்" என்றேன்.

"மனசுல வச்சுக்காத தம்பி. நானும் இதுலதான குடிக்கணும்?" என்று சிரித்தார். "வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஆளுக்கு வீடு புடிக்கிறது லேசா? பின்னால பேச்சு வரக்கூடாதுன்னு எல்லா வூட்டுலயும் மொதல்லயே சொல்லிப்புடுறேன். சலோமியம்மா ஒண்ணுதான், 'யாரா இருந்தா என்ன, மனுசந்தான'ன்னுச்சு."

அப்போதுதான் புரிந்தது. மருதையன் தன் மகளைக் கொடுத்திருந்தது எங்களுக்கு அடுத்த ஊரில்; அங்கிருந்து வந்தால் எங்கள் ஊரில் முதலில் வருவது கோயிலும் எங்கள் தெருவும். வாய்க்காலைத் தாண்டினால், பஸ் நிற்கிற பக்கம், காலனி. அவருடைய அந்தப் பக்கம் வேறு, என்னுடைய அந்தப் பக்கம் வேறு. பதினோரு வீட்டு வாசலில் என்னை என்னவாக நிறுத்தியிருக்கிறார் என்று எண்ணிப் பார்த்தேன்.

அவர் மறுபடி வாளியை இறக்கக் குனிந்தார். கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான். இரண்டு கணுக்காலையும் பிடித்துத் தூக்கிவிட்டேன். ஒல்லியான மனிதர்.

கால் தரைக்கு எட்டாமல், கழுத்தளவு நீரில் செங்கல் இடுக்கைப் பற்றிக்கொண்டு தொங்கினார். "கயித்த விடு தம்பி" என்றார். அவர் விழுந்தபோது வாளி மேலேயே நின்றுவிட்டது; கயிறு என் கையில்தான் இருந்தது. முதலில் விவரத்தைச் சொன்னேன். கோயிலுக்கு மேற்கே நாலாவது வீடு, என் தாத்தா பெயர், தேரோட்டத்தில் முதல் வடம் பிடிக்கிற உரிமை யாருக்கு என்பது, எல்லாம். பொறுமையாகக் கேட்டார்.

"ஐயா, தெரியாமப் போச்சுங்க. தப்புதாங்க. கயித்த விடுங்க, ஐயா."

இரண்டு மாதத்தில் அன்றுதான் என்னை ஐயா என்றார். கேட்க நன்றாக இருந்தது. கயிற்றைச் சுருட்டி மாடத்தில் வைத்துவிட்டுத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டேன். நாலு மணி வரை சொல்லிக்கொண்டே இருந்தார். அப்புறம் சொல்லவில்லை. கிணற்றைத் தகரத்தால் மூடினேன். பூட்டிலேயே தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு போய்ச் சலோமியம்மாவிடம் அட்வான்ஸ் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை அமுதத்தையும் குழந்தையையும் அழைத்துவந்து பால் காய்ச்சினோம். தெருக்குழாய்த் தண்ணீர்தான். வீடு அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆறாம் நாள் சலோமியம்மா ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு வந்து தகரத்தைத் தூக்கிவிட்டார். இல்லையென்றால் உங்களுக்கு இந்தச் சிரமம் இல்லை.

ஆமாம், நான்தான் செய்தேன். ஆனால் சாதிக்காகச் செய்தேன் என்று எழுதாதீர்கள். எனக்கு அந்தப் புத்தியே கிடையாது. அந்தப் பக்கத்து ஆட்கள் என் ஆபீசிலும் இருக்கிறார்கள், நன்றாகத்தான் பேசுகிறேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? இங்கேயா? வெறும் கோவிந்தராசு என்று எழுதியிருக்கிறீர்களே, ஐயா. பெயருக்குப் பின்னால் உள்ளதையும் சேர்த்து எழுதுங்கள். நாளைக்கு இதைப் படிக்கிறவன் என்னைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது.