வேலி தாண்டின வான்கோழி

ஆமா சார், இவனேதான். வேலி தாண்டிப் போனது இவன்தான், புகார்ல சரியாத்தான் எழுதியிருக்காங்க. நீங்க அங்கயே நில்லுங்க. ஷூ பளபளன்னு இருக்குல்ல, அதுல தன் மூஞ்சியப் பார்த்தான்னா இன்னொரு சேவல்னு நெனச்சு சண்டைக்கு வந்துருவான். போன வாரம் தபால்காரர் ஸ்கூட்டர் சீட்டு மேல ஏறி நின்னுட்டாரு.

இல்ல இல்ல, இது பண்ணைல வளக்குற வெள்ளை வான்கோழி இல்ல. அது உடம்பு பெருத்துப் பெருத்து, பறக்கவும் வராது, பெட்டையோட சேரவும் முடியாது. அதுக்கும் மனுஷன்தான் ஊசிக்குழாய எடுத்துக்கிட்டுப் போகணும். இது பழைய ரகம், வெண்கல நிறம். மெதுவாத்தான் வளரும், ஆனா தன் வேலையத் தானே பாத்துக்கும். யாராவது இருமினாக்கூட பதில் சொல்லும். பாத்தீங்களா, சொல்லிட்டான்.

புகார் குடுத்தது என் கூடப் பொறந்த அக்கா சார். அவங்ககிட்டயும் இதே ரகத்துல அஞ்சு பெட்டை இருக்கு. ஆறு வருஷம் முன்னாடி, உன் பறவைல வெள்ளை கலந்திருக்குன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். அதோட சரி. நடுவுல ஒரு வேலிதான், பேச்சு கிடையாது. போன வருஷம் அவங்க சேவல் செத்துப்போச்சு. அப்புறம் பெட்டைங்க இட்டதெல்லாம் கூமுட்டை. சுத்துவட்டாரத்துல இந்த ரகம் வேற யார்கிட்டயும் இல்ல. என்கிட்ட கேக்க அவங்களுக்கு மனசு வரல. நானாக் குடுத்தா வாங்கவும் மாட்டாங்க.

தக்காளிப் பாத்தி நாசம், துணிக்கொடி அறுந்துச்சு, எல்லாம் ஒத்துக்கறேன். அவங்க பெட்டைங்க பதினேழு குஞ்சு பொரிச்சிருக்கே, அதை எழுதியிருக்காங்களா? இல்லையா? அதானே.

எறக்கையா? ஆமா, ஒரு பக்க எறகை வெட்டி விட்டா பறக்காது. புதுசா மொளைக்க மொளைக்க வெட்டணும். வருஷா வருஷம் வெட்டுவேன். இந்தத் தடவை கத்தரிக்கோலக் கைல எடுத்தேன், திரும்ப ஆணியிலயே மாட்டிட்டேன்.

என்ன தண்டனையோ எழுதிக்கோங்க சார், எறகை வெட்டச் சொல்லி மட்டும் எழுதாதீங்க. இவன் தாண்ட ஆரம்பிச்சதுலருந்து தெனம் காலைல வேலிகிட்ட வந்து நின்னு என்னைத் திட்டறாங்க. இன்னிக்குத் திட்டிக்கிட்டே இருந்தவங்க நடுவுல நிறுத்தி, ஏன்டா இப்படி எளச்சுப் போயிட்ட, ஒழுங்காச் சாப்பிடறியா இல்லையான்னு கேட்டாங்க. அப்புறம் விட்ட எடத்துலருந்து திரும்ப ஆரம்பிச்சாங்க.