மூணு வாரக் கசாயம்

— அப்ப நம்ம கிணத்துத் தண்ணி கெட்டுப்போச்சுங்கிற. காரைக்குடிக்குத் தினம் பஸ் ஏறிப் போயி நீ கண்டுபிடிச்சது இதுதானாக்கும், ரீனா.

— நான் சொல்லலத்தே, இந்தப் பட்டை சொல்லுது. எங்க ஆராய்ச்சிக்கூடத்துல செஞ்சது. கார்பன் பட்டை, அதுமேல கண்ணுக்கே தெரியாத தங்கத்தூள். ஒரு சொட்டுத் தண்ணி விடணும். ஹார்மோன் கலந்திருந்தா போன்ல கோடு மேல ஏறும்.

— தங்கமா? கல்யாணத்துக்கு உங்கப்பா போட்டதவிட இதுல கூட இருக்கும்போலயே.

— ஆமாத்தே. இதுவாச்சும் பீரோவுல தூங்காம வேலை செய்யுது.

— வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல தாயி. அது என்ன ஹார்மோனு?

— அங்கதான் வில்லங்கம். ஊரணித் தண்ணில கோடு அசையவே இல்ல. அடுத்த வீட்டு இஞ்ஞாசிமுத்து மாமா கிணத்துலயும் இல்ல. நம்ம கிணத்துல மட்டும் ஏறுது. கர்ப்பத்தடை மாத்திரையில இருக்குற ஹார்மோன்.

— என்ன மாத்திரை?

— பிள்ளை உண்டாகாம இருக்கப் பொம்பளைக சாப்பிடுறது.

— சேசுவே. பேரப்பிள்ளை வேணும்னு நான் மாதா கோயில்ல முட்டி தேய முழங்கால் போடுறேன், இங்க மகராசி மாத்திரை முழுங்கிட்டு இருந்திருக்கா.

— முழுங்குறவ அதக் கண்டுபிடிக்கிற பட்டையத் தானே வீட்டுக்குக் கொண்டாருவாளாத்தே?

— இந்த வீட்டுல அந்த வயசுல இருக்கது நீ ஒருத்திதான். நானா சாப்பிடப்போறேன்? சாயங்காலம் எம்மவன் டோனி வரட்டும். உண்மையச் சொல்லு, இல்லாட்டி உங்கம்மா வீட்டுக்குப் பொட்டியக் கட்டு.

— டோனி வரட்டும், எனக்கும் பேச்சு இருக்கு. டாக்டரம்மா அவரக் கூட்டியாரச் சொல்லி ஒரு வருசமாச்சு, உங்க மகனுக்குத்தான் நேரம் வாய்க்கல. ஜெசிந்தா மதினியவும் மணப்பாறையில மாமியா வீட்டுல இப்பிடித்தான் பொட்டி கட்டச் சொல்றாகன்னு போன வாரம் அழுதீக. அவுக எந்த மாத்திரைய முழுங்குனாக?

— எம்மவள இழுக்காத. அவளுக்குக் கர்த்தர் இன்னும் கண்ணத் தொறக்கல, அம்புட்டுத்தான். பெத்தவ சொன்னா அவ தட்டவே மாட்டா. நீ அப்பிடியா?

— இல்லதான். ஒண்ணு சொல்றேன், திட்டிக்கங்க. விடியக்காலம் நீங்க காச்சிக் குடுக்குற வைத்தியர் கசாயத்த நான் ஒரு நாளும் குடிச்சதில்ல. கிணத்தடி எலுமிச்சை மரத்து மூட்டுல ஊத்திருவேன்.

— ஆத்தாடி, எம்புட்டுத் திமிரு. பிள்ளை வரத்துக்குன்னு அலைஞ்சு திரிஞ்சு வாங்குன பொடி. எலுமிச்சையாவது காய்ச்சுச்சா?

— பூவே வைக்கலத்தே. இன்னைக்குக் காச்சுனது மிச்சம் இருக்கா? இங்குட்டுக் கொண்டாங்க. ஒரே சொட்டு, ஒரு வாளி ஊரணித் தண்ணில கலக்கிப் பாப்போம்.

— இந்தா பாரு. நல்லாப் பாரு. வைத்தியர் கைராசி உனக்கும் தெரியட்டும்.

— தெரியுது. கிணத்துத் தண்ணிக்கு வந்த கோடு இது. கசாயத்துக்கு வந்தது இந்தா, உச்சியில முட்டிக்கிட்டு நிக்கிது. அந்தப் பொடியிலதான் மாத்திரைய அரைச்சுக் கலந்திருக்காரு. நான் ஊத்துனது ஊறிக் கிணத்துக்குள்ள போயிருக்கு.

— போடி கூறுகெட்டவளே. பிள்ளை வரத்துக்கு மருந்து குடுக்குறவரு எதுக்கு அதக் கலக்கணும்?

— எப்பிடிக் குடிக்கச் சொன்னாரு?

— மூணு வாரம் குடிக்கணும், ஒரு வாரம் நிப்பாட்டணும். அப்பத்தான் மாசாமாசம் தேதி தவறாம வருமாம். வந்தா கர்ப்பப்பை சரியாயிருச்சுன்னு அர்த்தமாம்.

— மாத்திரை அட்டையிலயும் அதே கணக்குத்தான் அத்தே. தேதி தவறாம வரும், பிள்ளைதான் வராது. மருந்து கேக்குதுன்னு எல்லாரும் திரும்பத் திரும்ப அவருகிட்டயே போவாக. நல்லவேளை, என் திமிரு என்னையக் காப்பாத்துச்சு. இப்பச் சொல்லுங்க, பொட்டி கட்டவா வேணாமா? என்னத்தே, போன எடுத்து எங்கிட்ட நீட்டுறீக?

— ஜெசிந்தாவுக்குப் போனப் போடு தாயி. அஞ்சு வருசமா அவளுக்கு இந்தப் பொடிய நாந்தான் பார்சல் கட்டி அனுப்புறேன். எம்மவ ஒரு வேளைகூடத் தப்பவிட்டதில்ல.