ஒரு கடவுச்சொல்லும் நான்கு அடையாளங்களும்

பணி நிறைவு பெறும் எங்கள் கண்காணிப்பாளர் ஐயா அவர்களுக்கு, பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தார் அன்போடும் ஆசையோடும் அளவில்லாத குழப்பத்தோடும் படித்தளிக்கும் மடல்

பண்பின் பெட்டகமே! பதிவேடுகளின் பாதுகாவலரே! கவலையோடு வந்தவரைக் கனிவோடு அனுப்பிய கருணையாளரே! கணினிக் கடலின் கரை கண்டவரே!

கடைசியாகச் சொன்ன அந்தப் பட்டத்தை அடித்துவிட வேண்டும் என்று எங்களில் இருவரும், இருந்துவிட்டுப் போகட்டும் என்று இருவரும் சொன்னார்கள். இரு தரப்பும் விட்டுக்கொடுக்காததால், நடுவில் மெல்லிய கோடு ஒன்று இழுத்துக் கண்ணாடிச் சட்டத்துக்குள் அப்படியே போட்டிருக்கிறோம். ஏன் இந்தக் கூத்து என்பது போகப் போக விளங்கும். எங்களுக்கே முழுதாக விளங்கவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறோம்.

இம்மடலை எழுதும் பொறுப்பு முதல் மேசை எழுத்தரின் தலையில் விழுந்தது. பாராட்டு மடலில் 'நான்' தலைகாட்டக் கூடாது என்பது மரபு. ஆகவே அந்த அம்மையார் தம்மைப் பற்றி எழுத நேரும்போதெல்லாம் 'முதல் மேசை' என்றே எழுதிக்கொள்கிறார். வாசிப்பவரும் அவரே. இடையில் குரல் நடுங்கினால் அது ஒலிபெருக்கியின் கோளாறு என்று பெரியோர் கொள்ளவும்.

ஐயா! ஒரு மாதத்துக்கு முன்பு முதல் மேசை எழுதிய மடலே வேறு. அதில் தாங்கள் விசைப்பலகையின் வேந்தர், திரையை ஆளும் தீரர், தட்டினால் தகவலும் தொட்டால் திருத்தமும் தரும் தனிப்பெருந் திறனாளர். ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்துவிட்டார். சான்றுக்கும் பஞ்சமில்லை. சிறந்த கணினிப் பணியாளர் என்று தலைமையகம் தங்களுக்கு வழங்கிய மூன்று கேடயங்கள் சுவரில் தொங்கின. பதினாறு ஆண்டுகளில் ஒரு நாள்கூடத் தாங்கள் விடுப்பு எடுக்கவில்லை என்று கணினி சொன்னது. மகளின் திருமண நாளில் நூற்றுப் பன்னிரண்டு பிறப்புகளைப் பதிந்திருக்கிறீர்கள். பித்தப்பைக் கல்லுக்கு அறுவை நடந்த அன்று, மயக்க மருந்து கொடுத்த பின்பும் தொண்ணூற்று நான்கு இறப்புகளைப் பதிந்திருக்கிறீர்கள்.

இதைப் படித்து நாங்கள் சிரித்ததுண்டு. காரணம் எங்களுக்குத் தெரியும். முதல் கணினி வந்தபோது ஒரே ஒரு கடவுச்சொல்தான் தந்தார்கள், அதுவும் தங்கள் பெயரில். பிறகு மேலும் நான்கு கணினிகள் வந்தன. அவற்றையும் அதே கடவுச்சொல்லால் திறந்தோம். அலுவலகச் சாவியைப் போலத்தான் அதை நினைத்தோம். யார் திறந்தால் என்ன, கதவு திறந்தால் சரி. திறந்த கை எதுவானாலும் ஒவ்வொரு பதிவின் கீழும் 'பதிந்தவர்' என்று தங்கள் பெயர் தானாக விழுவதை நாங்கள் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை.

மூன்று வாரங்களுக்கு முன்பு தலைமையகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஐயாவின் இடத்துக்கு வரவேண்டியவர் பணிமூப்பின்படி முதல் மேசை. ஆனால் கணினியின் கணக்கில் பதினாறு ஆண்டுகளில் அவர் பெயரில் ஒரு பதிவுகூட இல்லை. ஆகவே அந்தப் பொறுப்பை வெளியிலிருந்து வேறொருவருக்குத் தர எண்ணியிருப்பதாகவும், இத்தனை ஆண்டுகள் இவர் என்னதான் செய்தார் என்பதை ஐயா ஓய்வு பெறும் நாளுக்குள் விளக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள்.

முதல் மேசை தம் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். தினமும் எட்டு மணி நேரம் உட்கார்ந்து உட்கார்ந்து நாற்காலியின் மெத்தையே குழிந்திருக்கிறது. விரல் நுனி தேய்ந்திருக்கிறது. விசைப்பலகையில் பாதி எழுத்துகள் அழிந்திருக்கின்றன. இத்தனையும் இருக்க, ஆளையே காணோம் என்கிறது கணினி. "அப்போ பதினாறு வருஷமா நான் இங்க வரவே இல்லையா?" என்று கேட்டார். அவரில்லை என்றால் தாமும் இல்லை என்று தட்டச்சர் திகைத்தார். ஆவணக் காப்பாளர் வருகைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, இதில் ஐந்து பேர் இருக்கிறோமே, கணினியில் மட்டும் எப்படி ஒருவராகிவிட்டோம் என்று விரல்விட்டு எண்ணினார். அலுவலக உதவியாளர் எல்லோருக்கும் தேநீர் கொண்டுவந்தார். ஐந்து கோப்பைகள் காலியானதைக் காட்டி, ஆட்கள் இருப்பது உறுதி என்றார்.

அப்போதுதான் தாங்கள் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தீர்கள். கடிதத்தை இரண்டு முறை படித்தீர்கள். "அதான் அடையாளம் இருக்கேம்மா" என்றீர்கள்.

இருந்தது, ஐயா. மலைபோல் இருந்தது. பேரேட்டில் கையால் எழுதிய காலத்தில், எழுதியவர் அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சிறு அடையாளம் வைப்பது இந்த அலுவலகத்து வழக்கம். பிழை வந்தால் யாரைக் கேட்பது என்று தெரியவேண்டுமே, அதற்காக. கணினி வந்த பிறகும் தாங்கள் அதை விடவில்லை. குறிப்புக் கட்டத்தின் கடைசியில் முதல் மேசை இரண்டு புள்ளிகள் வைக்க வேண்டும், தட்டச்சர் ஒரு நட்சத்திரம், ஆவணக் காப்பாளர் ஒரு சிறு கோடு, நெரிசல் நாளில் கைகொடுக்கும் உதவியாளர் ஒரு கூட்டல். பழைய மனிதரின் பழைய பிடிவாதம் என்று முணுமுணுத்துக்கொண்டே செய்தோம். கை பழகிவிட்டது. ஆவணக் காப்பாளர் வீட்டுக்கு எழுதும் மளிகைச் சீட்டின் முடிவிலும் கோடு போடுகிறாராம்.

அந்த அடையாளங்களை வைத்துத் தேடிப் பிரித்துப் பார்க்கும்படி தலைமையகத்துக்கு எழுத முதல் மேசை தாளை எடுத்தார். தாங்கள் அவரைத் தனியே அழைத்துக் கதவைச் சாத்தினீர்கள்.

"அனுப்புறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேம்மா. தேடினா, அடையாளம் இல்லாத பதிவு ஒண்ணுகூட வராது."

"அப்போ நீங்க போட்டது?"

"போட்டாத்தானே வரும்."

முதல் மேசைக்கு இடமும் வலமும் புரியவில்லை. பதினாறு ஆண்டுகளாக, முகப்பில் ஆளில்லாதபோதெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் திரையை உற்றுப் பார்த்தபடி அமர்ந்திருந்த ஐயா, அந்த நேரமெல்லாம், கணினி சும்மா கிடக்கும்போது திரையில் தானாக நீந்தும் மீன்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று யார் நினைப்பார்? பயிற்சி மொத்தம் மூன்று நாள். முதல் நாள், எந்தப் பொத்தானை அழுத்தினால் கணினி விழிக்கும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டாம் நாள் மவுஸைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்றாம் நாள்தான் பதிவு போடும் முறை. அன்று தங்களுக்குக் காய்ச்சல். "முதல்ல கேக்கக் கூச்சப்பட்டேன். அப்புறம் கேடயம் குடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் யார்கிட்டம்மா போய்க் கேக்கிறது?" என்றீர்கள்.

உண்மையை எழுதுகிறோம், ஐயா, சபையோர் மன்னிக்க வேண்டும். அரை நாள் அந்தக் கடிதம் முதல் மேசையின் இழுப்பறையிலேயே கிடந்தது. அனுப்பினால் அவருக்கு வாழ்வு, தங்களுக்குத் தலைகுனிவு. அனுப்பாவிட்டால் தங்கள் கேடயம் சுவரில், அவர் தெருவில். அரை நாளும் தங்கள்மேல் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது, தம்மேலேயே எரிச்சலாகவும் இருந்தது. மாலையில் இழுப்பறையைத் திறந்தால் கடிதத்தைக் காணவில்லை. தாங்களே எடுத்து, அடியில் தங்கள் கையெழுத்தில் நான்கு வரி சேர்த்து, அஞ்சலகத்துக்கு நடந்துபோய் அனுப்பிவிட்டு வந்திருந்தீர்கள். இந்த நால்வரின் உழைப்பு என் பெயரில் நின்றது, நான் ஒரு பதிவும் இட்டதில்லை, கேடயங்களைத் திருப்பி அனுப்புகிறேன் என்பது அந்த நான்கு வரியின் சாரம்.

தலைமையகத்திலிருந்து ஒரு கணினிப் பொறியாளர் வந்தார். பொறுமையான பெண். தேடினார், பிரித்தார், எண்ணினார். இரண்டு லட்சத்து முப்பத்தோராயிரத்துச் சொச்சம் பதிவுகள். புள்ளியும் நட்சத்திரமும் கோடும் கூட்டலும் தத்தம் பங்கைப் பெற்றன. அடையாளம் இல்லாதவை பூஜ்யம். "அப்போ இந்த சார் என்ன வேலைதான் செஞ்சார்?" என்று அவர் எங்களையே கேட்டார்.

குழப்பம் அங்கேதான் முற்றியது. என்ன செய்தீர்கள், ஐயா? நாங்கள் நால்வரும் மாறி மாறிச் சொன்னோம். தாங்கள் முகப்பில் நின்றீர்கள். தம் பிறந்த நாள் தெரியாது, அக்காவுக்கு மூன்று வயது இளையவன், பிறந்தபோது பெருமழை என்று மட்டும் சொன்ன ஒரு கொத்தனாரோடு முக்கால் மணி நேரம் பேசிப் பேசி, நாளைக் கண்டுபிடித்துப் படிவத்தில் எழுதினீர்கள். காலையில் பிறந்து மாலையில் போய்விட்ட பிள்ளைக்காக ஒரு தந்தை வந்தார். பிறப்புக்கு ஒரு படிவம், இறப்புக்கு ஒரு படிவம், இரண்டிலும் அதே கேள்விகள். முதல் படிவத்துக்குக் கேட்டதோடு நிறுத்தி, இரண்டாவதை அவரைக் கேட்காமலே நிரப்பிவிட்டு, அவர் கையெழுத்திட வேண்டிய இடத்தை மட்டும் விரலால் காட்டினீர்கள். எங்கள் மேசைக்கு வந்த ஒவ்வொரு படிவமும் அச்சடித்தாற்போல் தங்கள் கையெழுத்தில் தெளிவாக இருந்ததால்தான் நாங்கள் பிழையின்றித் தட்டினோம். இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் பதிவது என்று பொறியாளரைக் கேட்டோம். அவர் திரையை மேலும் கீழும் உருட்டித் தேடிவிட்டு, அதற்குக் கட்டம் இல்லை என்றார்.

ஆகவே திறமை என்று நாங்கள் புகழ்ந்த இடத்தில் தங்களுக்குத் திறமை இல்லை, கண்ணில் படாத இடத்தில் கொட்டிக் கிடந்திருக்கிறது. இப்படிப்பட்டவருக்கு எந்தப் பட்டம் சூட்டுவது என்று இன்று காலை வரை முதல் மேசைக்குத் தெரியவில்லை. அகராதியைப் புரட்டியும் பலனில்லை.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஐயாவின் துணைவியார் அவர்களே! எங்கள்மேல் கோபம் வேண்டாம். இவ்வளவையும் எழுதச் சொன்னவர் அவர்தான். "வீட்ல சொல்ல எனக்கு வாய் வரல, நீங்க படிக்கும்போது அவ தெரிஞ்சுக்கட்டும்" என்றார். என் வீட்டுக்காரர் கணினியில் புலி என்று தாங்கள் தெருவெல்லாம் சொல்லியிருக்கிறீர்கள். அக்கம்பக்கத்தார் கெட்டுப்போன கைப்பேசிகளைக் கொண்டுவந்து கொடுக்க, மாலையே அவை சரியாகித் திரும்பியிருக்கின்றன. ஐயா அலுவலகத்துக்குக் கொண்டுவந்த கைப்பேசிகளை எட்டு ஆண்டுகளாக யாருடையது, எவருடையது என்று தெரியாமல் சரிசெய்து கொடுத்த எங்கள் தட்டச்சர் இதோ தங்களுக்குப் பின்வரிசையில்தான் இருக்கிறார். இனி நேரே அவரிடமே கொடுக்கலாம். நாளை முதல் தங்கள் வீட்டுக்காரர் முழுநேரமும் வீட்டில் இருப்பார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகிவிட்டார், ஆகவே நம்பி வேலை வாங்கலாம்.

தலைமையகத்தின் பதில் முந்தாநாள் வந்தது. முதல் மேசைக்கே பொறுப்பு. எங்கள் நால்வருக்கும் தனித்தனிக் கடவுச்சொல்லும் வந்துவிட்டது. தட்டச்சர் அதற்குள் இரண்டு முறை மறந்துவிட்டார். கேடயங்களைத் தாங்களே கழற்றி, தூசி தட்டி, செய்தித்தாளில் சுற்றிக் கட்டினீர்கள். அவை இருந்த இடத்தில் சுவர் மூன்று சதுரமாக வெளுத்திருக்கிறது. சுண்ணாம்பு அடிக்க வேண்டாம் என்று முதல் மேசை சொல்லிவிட்டார்.

நேற்று, பணியின் கடைசி நாளில், தாங்கள் முதல் மேசையின் அருகே வந்து நின்றீர்கள். "ஒரே ஒரு பதிவு, நானே போடறேம்மா" என்றீர்கள். மூன்றாம் நாள் பயிற்சி அங்கேயே, அப்போதே நடந்தது. மருத்துவமனைத் தாளோடு ஓர் இளம் தந்தை முகப்பில் நின்றார். பெண் குழந்தை. தாங்கள் தங்கள் கடவுச்சொல்லால் கணினியைத் திறந்து, ஒவ்வோர் எழுத்தையும் தேடித் தேடி ஒரு விரலால் அழுத்தினீர்கள். நாற்பத்தொரு நிமிடம் ஆயிற்று. குறுக்கே கை நீட்டிவிடாமல் இருக்க முதல் மேசை தம் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும், என்ன அடையாளம் போடுவது என்று கேட்டீர்கள். இனி அடையாளம் வேண்டாம், பெயர் தானாக விழும் என்றார் அவர்.

விழுந்தது. பதிந்தவர் என்று தங்கள் பெயர். இரண்டு லட்சத்து முப்பத்தோராயிரம் முறை நாங்கள் பார்த்துப் பார்த்துச் சலித்த அதே பெயர், நேற்றுத்தான் முதல் முறையாக உண்மையாக விழுந்தது. அந்தக் குழந்தை வளர்ந்து, படித்து, பாட்டியாகும் காலம் வரை தாங்களும் தங்கள் துணைவியாரும் நோயின்றி, நொடியின்றி, நிறைவோடு நெடிது வாழ வேண்டும்!

தங்கள் கடவுச்சொல்லை இன்று மாலை ஐந்து மணியோடு மறந்துவிடுவதாக உறுதி கூறி, அவரவர் கையால் ஒப்பமிடும்

முதல் மேசை ( .. )
தட்டச்சர் ( * )
ஆவணக் காப்பாளர் ( - )
அலுவலக உதவியாளர் ( + )