பேட்டரி மாற்றப் போனவர்

அவலூர்பேட்டையிலிருந்து செஞ்சி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவன், மனைவி. கணவர் மடியில் சாக்கு சுற்றிய பேட்டரி. காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டி ஒன்றை அவரே வெல்டிங் வைத்துச் செய்து, கூரையில் சோலார் பேனலும் போட்டிருக்கிறாராம். நாளை பிள்ளைகளோடு மரக்காணம் கடலோரம் போய் அதிலேயே தங்குவதாகத் திட்டம்.

“பேட்டரி டம்மிடி. நாள் முழுக்க வெயில்ல நின்னும் சார்ஜே ஏறல.”

“போன வாரம் ஒயரு மெல்லிசுன்னு சொல்லி அதை மாத்தின. இப்ப பேட்டரியா? மொதல்ல பொம்மைய கழட்டு மாமா.”

நான் போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

“இன்னா பொம்மை?”

“பேனலைச் சுத்தி நாலு மூலையிலயும் கம்பு நட்டு, ஆளுசரத்துக்கு திருஷ்டி பொம்மை கட்டி வெச்சிருக்கியே, அதுதான். காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஒண்ணு மாத்தி ஒண்ணு நெழலு பேனல் மேலயே வுழுது. அப்புறம் எங்கேர்ந்து கரண்ட் வரும்?”

அவர் பேட்டரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“அதை எடுத்தா வண்டிக்குக் கண்ணு பட்டுடும்டி.”

“ஒரு லைட்டு எரியல, ஒரு ஃபேனு சுத்தல. இதைப் பாத்து எவன் மாமா கண்ணு வைக்கப் போறான்?”