ஒன்பதாம் நம்பர் குமிழ்

உங்கள் ஸ்டேஷன் ஃபேனில் ஒரு இறக்கை லேசாக வளைந்திருக்கிறது, இன்ஸ்பெக்டர் அம்மா. சுற்றுக்கு ஒரு தரம் 'டிக்' என்கிறது. உங்களுக்குக் கேட்காது, பழகியிருக்கும். எனக்குப் பழகுகிற காதே கிடையாது. எந்தச் சத்தமும் எனக்கு அன்றைக்குத்தான் பிறந்த சத்தம். அந்தக் காதை வைத்துத்தான் காலேஜ் மாணவர் சங்க அரங்கத்தில் முப்பத்தொரு வருஷம் சோறு தின்றேன்.

நானாக உங்களைத் தேடி வந்த காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இசைக்குழுப் போட்டி அன்று நடந்ததைப் பற்றிச் சங்கம் ஒரு அறிக்கை எழுதியிருக்கிறது. 'ஒலிக் கருவியில் ஏற்பட்ட பழுது. அதை இயக்கியவரின் முதுமை காரணமான கவனக்குறைவு' என்று போட்டிருக்கிறார்கள். இரண்டும் பொய். என் மிக்ஸரில் பழுது கிடையாது. என் கை தவறியதும் கிடையாது. அதைத் திருத்தி எழுத வேண்டும். அதற்கு எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

வருத்தம் உண்டா என்று கேட்டீர்கள். கிடையாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் என்னை மைக் தாத்தா என்பார்கள். வருஷத்துக்கு ஒரு போட்டி, ஏழெட்டுக் குழுக்கள், அத்தனைக்கும் ஒலி நான்தான். ஒரு வருஷம் 'ஈரத் துண்டு' என்று ஒரு குழு வந்தது. அதன் கிட்டார்காரன் கம்பியைத் தட்டினால் கேண்டீனில் பால் திரிந்துவிடும். கேண்டீன்காரர் என்னிடம் வந்து அழுதார். நான் ஒரு குமிழை அரை விரல் திருப்பினேன். திரிந்த பால் மறுபடி பாலானது. நம்பாவிட்டால் அவரையே கேளுங்கள். அவர் செத்து நாலு வருஷமாகிறது, அது வேறு விஷயம்.

என் மகள் அந்த அரங்கத்தில்தான் வளர்ந்தாள். எனக்கு நாற்பத்தாறு வயதில் பிறந்தவள். பாப்பா என்றுதான் இன்னும் கூப்பிடுகிறேன். அவளுக்கு மூன்று வயதானபோது அவள் அம்மா தன் அக்கா வீட்டுக்குப் போனாள். பத்தொன்பது வருஷமாகிறது, திரும்பவில்லை. அக்கா வீடு கொஞ்சம் தூரம்.

பாப்பாவை மிக்ஸர் மேஜைக்கு அடியில், காலியான ஸ்பீக்கர் பெட்டிக்குள் துணி விரித்துத் தூங்க வைப்பேன். அவள் பாட ஆரம்பித்ததும் என்னால்தான். மைக்கைச் சோதிக்க 'ஒண்ணு, ரெண்டு' என்று நானே எத்தனை தரம் சொல்வது? ஒருநாள் அவளைச் சொல்லச் சொன்னேன். 'ஒண்ணு' பேச்சாகத்தான் வந்தது. 'ரெண்டு' பாட்டாகிவிட்டது.

அன்றிலிருந்து அவள் குரலுக்கு நான்தான் தையற்காரன். மேலே போகும்போது ஒரு இடத்தில் நூல் பிரியும், அதை இழுத்துப் பிடிப்பேன். கீழே வரும்போது ஈரம் குறையும், கொஞ்சம் சேர்ப்பேன். சபை கேட்டதில் பாதிதான் அவள் குரல். மீதி என் விரல். அவளிடம் இதை நான் சொல்லிக்காட்டியதில்லை. வாரத்துக்கு ஒரு தடவை நினைவுபடுத்துவேன், அவ்வளவுதான்.

போட்டிக்கு நாலு நாள் முன்னால், சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டே ஒரு செய்தி சொன்னாள். இந்த வருஷம் ஜெயிக்கிற குழுவை ஒரு இசைக் கம்பெனி ஊர் ஊராக அழைத்துப் போகிறதாம். அவள் குழு ஜெயிப்பது நிச்சயம். எனக்கும் தெரியும், மற்ற ஆறு குழுவுக்கும் தெரியும்.

"ரெண்டு வருஷம்தான்ப்பா."

"சவுண்டு யாரு பாப்பா?"

"அவங்க ஆளுங்க இருக்காங்க."

"அவங்களுக்கு உன் தொண்டை தெரியுமா? மேல போகும்போது பிரியுமே, அதப் புடிக்கத் தெரியுமா?"

தட்டை வடிய வைத்துவிட்டுத் திரும்பினாள். "பிரிஞ்சா பிரியட்டும்ப்பா. என் தொண்டைதானே?"

நான் சிரித்தேன். நான் கோபக்காரன் இல்லை, யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள். ஈரக் கையைத் துடைத்துக்கொள்ளத் துண்டை எடுத்துக் கொடுத்தேன். அவளும் சிரித்துவிட்டுப் போனாள். விஷயம் முடிந்தது என்று நினைத்திருப்பாள்.

அந்த நாலு நாளும் யோசித்தேன். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எதையும் செய்கிறவன் இல்லை நான். அவளைத் தோற்கடிப்பது சுலபம். குரலைக் கொஞ்சம் மங்கலாக்கினால் போதும். ஆனால் அது தொழிலுக்குச் செய்கிற துரோகம். அந்த மேடையில் ஏறிய எவனுடைய ஒலியையும் நான் கெடுத்ததில்லை, ஈரத் துண்டுக்குக்கூட. அதோடு, இந்த வருஷம் தோற்றால் அடுத்த வருஷமும் பாடுவாள். வருஷா வருஷம் இதே கவலையோடு கிடக்க எனக்கு என்ன இருபது வயதா?

மேடை வழக்கம் ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். பாடுகிறவர்கள் இரண்டு காதிலும் இயர்பீஸ் செருகியிருப்பார்கள். சபைக்குப் போகிற ஒலி வேறு, அவர்கள் காதுக்குப் போகிற ஒலி வேறு. காதுக்குள் என்ன போகிறது என்பது அவர்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். அதனால் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் நான் ஒரு விரலைத் தூக்குவேன். அவர்கள் கட்டைவிரலைக் காட்டினால்தான் காதைத் திறப்பேன். அடுத்தவர் காதுக்குள் போவது அடுத்தவர் வீட்டுக்குள் போவது மாதிரி. கதவைத் தட்டாமல் நான் ஒருநாளும் போனதில்லை.

லிமிட்டர் என்று ஒரு பெட்டியும் உண்டு. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு எப்படியோ அப்படி ஒலிக்கு அது. என்ன துள்ளினாலும் காதுக்குள் ஒரு அளவுக்கு மேல் போக விடாது. சங்கத்தோடு சண்டை போட்டு அதை வாங்க வைத்தவனே நான்தான். போட்டி அன்று மத்தியானம் அதைக் கழற்றி மேஜைக்கு அடியில் வைத்தேன். சங்கத் தலைவி ஃபைலும் கையுமாக அந்தப் பக்கம் வந்தவள் பார்த்துவிட்டாள்.

"என்ன தாத்தா, அதக் கழட்டிட்டீங்க?"

சுத்தம் செய்கிறேன் என்றேன். நல்ல பெண். என்மேல் உள்ள பாசத்தில் அதை அறிக்கையில் எழுதாமல் விட்டிருக்கிறாள். நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் போட்டி தொடங்கியது. அரங்கம் நிறைந்து, படிக்கட்டிலெல்லாம் பிள்ளைகள். நானூறு பேர் இருக்கும். மூன்று நடுவர்களில் ஒருவர் பல் டாக்டர். எந்தப் பாடகன் வாயைத் திறந்தாலும் முன்னால் குனிந்து பார்ப்பார். 'பக்கத்து வீட்டார் மன்னிக்கவும்' என்ற குழு வாசித்தபோது பக்கத்து வீட்டாரே வந்து மன்னிக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் மணியான ஒலி கொடுத்தேன். ஒரு குறை சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம்.

ஐந்தாவது, பாப்பாவின் குழு. டிரம்ஸில் நெட்டையன். நிமிர்ந்தால் விளக்கில் இடிப்பான். பள்ளிக்கூடத்திலிருந்தே அவளுக்குச் சிநேகிதன். குழுவுக்கு மூன்று பாட்டு. முதல் இரண்டையும் பாட விட்டேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அவள் அதுவரை அப்படிப் பாடியதில்லை. நூல் பிரிகிற இடம் வந்தது, நான் விரலை வைத்தேன், பிரியவில்லை. விரலை எடுத்துப் பார்த்தேன். அப்போதும் பிரியவில்லை. எப்போது சரிசெய்துகொண்டாள் என்று எனக்குத் தெரியவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூன்றாவது பாட்டுக்கு முன்னால் நான் ஒரு விரலைத் தூக்கினேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்து, கட்டைவிரலைக் காட்டினாள். அனுமதி இருந்தது, அம்மா. அதை அடிக்கோடிட்டு எழுதுங்கள்.

ஒன்பதாம் நம்பர் குமிழ் அவள் காது. மைக்கின் ஒலியை அதற்குள்ளேயே திருப்பித் திருப்பி ஊட்டினால் ஊளையாகும். அந்த ஊளையை முழுக்கத் திறந்தேன். சபையில் ஒருவருக்கும் ஒரு பிசிறுகூடக் கேட்கவில்லை. நானூறு பேர் உட்கார்ந்த இடத்தில் ஒரே ஒருத்திக்கு மட்டும் கேட்கும்படி செய்வதென்றால் சும்மாவா? இதைப் போய்க் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறார்கள்.

நாலு விநாடி. அவள் கை காதுக்குப் போக இரண்டு விநாடி ஆனது. ஒயர் கூந்தலில் சிக்கியிருந்ததால் பிடுங்க இன்னும் இரண்டு. பிறகு முழங்காலில் உட்கார்ந்தாள். அது பாட்டின் பாவம் என்று நினைத்து முன்வரிசைக்காரர்கள் கைதட்டினார்கள்.

நெட்டையன் மட்டும் குச்சிகளைப் போட்டுவிட்டு ஓடினான். அவளிடம் இல்லை, என்னிடம். மேஜைக்கு எதிரில் நின்று மூச்சு வாங்கினான்.

"தாத்தா, கைய எடுங்க," என்றான்.

கை குமிழின் மேல்தான் இருந்தது. அவனும் அதை யாரிடமும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். பெரியவர்களைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று வளர்த்திருக்கிறார்கள்.

இரண்டு காதும் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். திரும்ப வராது என்றும் சொன்னார். கம்பெனி வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் போட்டது. எட்டு மாதமாகிறது. பாப்பா வீட்டில் இருக்கிறாள். நெட்டையன் மூன்று தடவை வந்தான். தூங்குகிறாள் என்று சொல்லி அனுப்பினேன். அவளுக்குத்தான் வாசல் மணி கேட்காதே.

நீங்கள் என்னை எங்கே வைத்தாலும் சரி, மறுபடி அந்த மேஜையில் உட்கார வைத்தால் மறுபடியும் அதையேதான் செய்வேன். ஊர் ஊராக அலைந்து, முன்பின் தெரியாதவன் கையில் காதைக் கொடுத்துவிட்டு நின்றிருப்பாள். அதிலிருந்து காப்பாற்றியிருக்கிறேன். பெற்றவன் செய்யாமல் வேறு யார் செய்வது? அறிக்கையை மட்டும் திருத்துங்கள்.

அவளுக்கு ஒரு குறையும் இல்லை. உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ள மூன்று மாதத்தில் பழகிவிட்டாள். கெட்டிக்காரி. தபால்காரர் முணுமுணுப்பதைக்கூடப் படித்துவிடுகிறாள். தினமும் சாயங்காலம் அவளுக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். ஈரத் துண்டு கதை, பல் டாக்டர் கதை, எல்லாம் சொல்கிறேன். முன்பெல்லாம் பாதியில் எழுந்து போவாள். இப்போது அப்படியில்லை. நான் வாயைத் திறந்ததுமே கண்ணை மூடிக்கொள்கிறாள், அவ்வளவு நிம்மதி.