தகரத்தில் விரிந்த பொன்னாடை

அவையை ஆளும் தலைவர் றொனால்ட் அண்ணை அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே! பனியென்றும் பாராமல் பலகாரத் தட்டோடு வந்திருக்கும் தாய்மாரே! இன்றைய விழா நாயகர் லெனொக்ஸ் அலீன் அவர்களே! நடன ஆசிரியை நிரூபாவின் நெஞ்சார்ந்த வணக்கம்.

ட்ரினிடாட் பெற்றோருக்கு ரொறொன்ரோவில் பிறந்த இந்தக் கறுப்பினக் கலைஞர், இசை எழுதுவார், எழுதாமலும் வாசிப்பார், தூரிகையும் பிடிப்பார். இவர் எந்தத் துறை என்று இன்றும் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் குழப்பமே இல்லை. ஏன் தெரியுமா? இவரை எனக்கு அந்த நாள் அஜின்கோர்ட் பள்ளி மண்டபத்து விழாவிலிருந்தே தெரியும்!

அன்று என் முதல் மேடை. மகனைப் பறிகொடுத்த தாயாக ஆடுகிறேன். பின்திரை தீட்ட வந்தவர் இவர். பாதி ஆட்டத்தில் சீடி சிக்கியது! பாட்டு நின்றது. பாதம் நின்றது. என் மூச்சே நின்றது. அழுதபடி இறங்கி ஓடியிருந்தால், ஐயோ, இந்த நிரூபா பிறகு ஒருநாளும் சலங்கை கட்டியிருக்கமாட்டாள்!

அப்போது திரையோரம் 'டங், டங்' என்றொரு ஓசை. வர்ணம் தீர்ந்த தகர வாளியைக் கவிழ்த்துவைத்துத் தட்டுகிறார் இவர்! எங்கள் தாளம் தெரியுமா இவருக்கு? தெரியாது. எங்கள் மொழி? அதுவும் தெரியாது. என் காலைப் பார்த்தார். கால் போன வழியெல்லாம் அவர் கை வந்தது. ஆடினேன்!

நம்மவர்கள் விடுவார்களா? விழா முடிவில் ஓவியருக்குப் போர்த்த வைத்திருந்த பொன்னாடையோடு சங்கத் தலைவர் ஆட்டத்தின் நடுவிலேயே மேடைக்கு ஓடிவந்தார். என்னைப் பார்த்துச் சொன்னார்: "பிள்ளை, ஒருக்கா நில்லு! நான் மிசிசாகாவுக்கு வேலைக்குப் போகோணும். மரியாதையைச் செய்துபோட்டு ஓடுறன்!"

என்ன றொனால்ட் அண்ணை, தலையைக் குனியிறியள்? நீங்கள்தானே அது! சிரியுங்கள், சிரியுங்கள், அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லெனொக்ஸின் தோளில் விழுந்தது பொன்னாடை. தட்டுவதை நிறுத்தினாரா? இல்லவே இல்லை! ஒரு கை தட்டத் தட்ட, மறு கையால் பொன்னாடையை உருவித் தகரத்தின்மேல் விரித்தார். 'டங்' என்ற ஓசை 'தும்' என்று தணிந்தது. செத்தவீட்டில் பெண்கள் நெஞ்சில் அடித்துக்கொள்ளும் ஓசை, அப்படியே! முன்வரிசையில் ஒரு விம்மல் வெடித்தது. என் அம்மா! போரில் என் அண்ணனைப் பறிகொடுத்த அம்மா, கனடா வந்தபின் அன்றுதான் வாய்விட்டு அழுதார். அன்றிரவு வீட்டில் அண்ணனின் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பேசினோம்.

அம்மா இன்று இல்லை. அந்த ஓசையை இன்னொருமுறை கேட்க மனம் ஏங்குகிறது.

றொனால்ட் அண்ணை, இப்ப நீங்கள் பென்சன்காரன். வேலைக்கு ஓடத் தேவையில்லை. பொன்னாடையை அவரின்ர தோளில போடாதையுங்கோ, கையில குடுங்கோ. தகரம் மேடையில இருக்கு.

பொறுமையோடு கேட்ட அனைவருக்கும் நன்றி. சலங்கை கட்டித்தான் வந்திருக்கிறேன். என் வணக்கத்தை இனிக் கால்கள் சொல்லும்.